அயர்லாந்து அரசு தினம் 15,000 யூரோ அபராதம் கட்டியது ஏன்? ஐரோப்பியச் சுற்றுச்சூழல் சட்டம் ஒரு அரசை எப்படிப் பிடிக்கிறது?

கேள்வி இது: ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் சட்டத்தை ஓர் உறுப்பு நாட்டின் அரசே மதிக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு காற்றாலைப் பண்ணைக்காக அயர்லாந்து கோடிக்கணக்கில் அபராதம் கட்டியதாகச் சொல்கிறார்களே, அது எப்படி? சாதாரணக் குடிமகன் புகார் கொடுத்தால் பலன் உண்டா?

சுருக்கமான பதில்: நடவடிக்கை உண்டு, பணமும் கட்டியாக வேண்டும், ஆனால் எல்லாம் மிக மெதுவாக நடக்கும். பொதுவாக வழக்குப் போடுவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், தீர்ப்பளிப்பது ஐரோப்பிய நீதிமன்றம். அபராதம் பெரும்பாலும் இரண்டாவது தீர்ப்பில்தான் வரும். முதல் தீர்ப்பு, 'இந்த நாடு கடமையில் தவறிவிட்டது' என்று அறிவிப்பதோடு நின்றுவிடும். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட வருடங்களில்தான் அரசுகள் வாக்குறுதி கொடுத்தே காலத்தைக் கடத்துகின்றன. அயர்லாந்தின் டெர்ரிபிரையன் காற்றாலைப் பண்ணை வழக்கில் அந்த இடைவெளி 11 வருடத்துக்கும் மேல். அந்த ஒரு வழக்கை முழுதாகப் பார்த்தால், இந்தச் சட்டம் எங்கே இறுக்கிப் பிடிக்கிறது, எங்கே நழுவ விடுகிறது என்பது தெரிந்துவிடும்.

அயர்லாந்தின் மேற்கே, கால்வே கவுண்டியின் (மாவட்டத்தின்) தெற்கில் ஸ்லீவ் ஆட்டி மலைகள் இருக்கின்றன. அவற்றில் காஷ்லான்டிரம்லாஹன் என்ற மலையின் மேல்பகுதி முழுக்கப் பீட் மண் மூடிக் கிடக்கிறது. சில இடங்களில் 5.5 மீட்டர் ஆழம் வரை. பீட் என்பது பாசியும் செடியும் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக நீரில் ஊறிச் சேர்ந்த அடுக்கு. எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். மேலே நாரும் வேரும் பின்னிய ஒரு படலம் இருப்பதால் சரிவில் அப்படியே தங்கி நிற்கிறது. அந்தப் படலத்தை வெட்டினாலோ, மேலே பாரம் ஏற்றினாலோ, மழைநீர் வடியும் வழியை மாற்றினாலோ, அடியில் இருக்கும் குழம்பு போன்ற அடுக்குக்குப் பிடிமானம் போய்விடும். பிறகு சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. சில டிகிரி சாய்வு போதும்.

டெர்ரிபிரையன் பண்ணைக்காக இந்த மலையில் காற்றாலை வைக்க 1997 டிசம்பரில் தலா 23 காற்றாலைகளுக்கு இரண்டு விண்ணப்பங்கள் போயின. 1998 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 2000 அக்டோபரில் மூன்றாவது கட்டமாக மேலும் 25 காற்றாலைகளுக்கு விண்ணப்பம். 2001 நவம்பரில் அதற்கும் அனுமதி. கடைசியில் நின்றவை 70, ஒவ்வொன்றும் 850 கிலோவாட், மொத்தம் ஏறக்குறைய 60 மெகாவாட். அயர்லாந்தில் அதுவரை யாரும் இவ்வளவு பெரிய காற்றாலைப் பண்ணைக்குத் திட்டம் போட்டதில்லை. நடுவில் 263 ஹெக்டேர் ஊசியிலைக் காட்டை வெட்ட 2003 மே மாதம் தனியாக ஓர் அனுமதி. திட்டத்தின் உரிமையாளர், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மின்சார நிறுவனமான இஎஸ்பியின் துணை நிறுவனம். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2003 அக்டோபர் 16 அன்று, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மலைச்சரிவு வழுக்கியது. சுமார் 4,50,000 கன மீட்டர் பீட் பெயர்ந்து ஓவன்டாலுலீ ஆற்றில் இறங்கியது. ஏறக்குறைய 50,000 மீன்கள் செத்தன. மீன்கள் முட்டையிடும் ஆற்றுப் படுகைகள் நீண்ட காலத்துக்குக் கெட்டுப்போயின.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் அறிக்கையே இல்லாமல் அனுமதி கொடுத்தார்கள் என்று நினைக்கிறார்கள். நிறுவனம் அறிக்கை கொடுத்திருந்தது. ஆனால் தோண்டும் வேலை நடக்கப்போகும் மலையில் மண் தாங்குமா என்ற கேள்வியை அந்த அறிக்கை ஆராயவே இல்லை. முறையான மதிப்பீடு என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? ஒவ்வொரு காற்றாலை நிற்கும் இடத்திலும், சாலை போகும் ஒவ்வொரு தடத்திலும் கம்பி இறக்கிப் பீட்டின் ஆழம் பார்க்க வேண்டும். மண்ணின் வெட்டு வலிமையை, அதாவது வழுக்காமல் தாங்கும் திறனை, அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். சரிவின் கோணத்தோடு அதைச் சேர்த்து, வழுக்காமல் இருக்கும் பாதுகாப்புக் காரணியை, அதாவது தள்ளும் விசையைப் போல மண்ணின் பிடிமானம் எத்தனை மடங்கு என்பதை, கணக்கிட வேண்டும். பொறியாளர்கள் பொதுவாக 1.3க்குக் குறையக் கூடாது என்பார்கள். தோண்டி எடுத்த பீட்டை எங்கே கொட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். எடுத்த மண்ணை ஓரமாகச் சதுப்பின் மேலேயே குவிப்பது இந்த வேலைகளில் சாதாரணமாக நடப்பது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. மரத்தை வெட்டினால் வேர்ப்பிடிப்பு போவதோடு, மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீரும் மண்ணிலேயே தங்கிவிடும். இத்தனையும் ஒரே மலையில், ஒரே ஆற்றுக்கு மேலே, மூன்று அனுமதியாகவும் ஒரு மரவெட்டு அனுமதியாகவும் துண்டு துண்டாகப் பார்க்கப்பட்டன. சேர்த்துப் பார்க்க யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

இனி சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் சட்டங்களில் பெரும்பாலானவை டைரக்டிவ் வகை: இந்த நாளுக்குள் இந்த விளைவு வரும்படி உங்கள் நாட்டில் சட்டம் செய்யுங்கள் என்று அரசுகளுக்குச் சொல்பவை. அரசு மூன்று விதமாகத் தவறலாம். கெடுவுக்குள் சட்டமே செய்யாமல் விடலாம். செய்த சட்டம் குறையாக இருக்கலாம். சட்டம் சரியாக இருந்தும் களத்தில் அமலாகாமல் போகலாம். முதல் வகையைப் பிடிப்பது எளிது. இரண்டாவதற்குச் சட்டம் படித்தவர்கள் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். மூன்றாவதற்குக் களத்திலிருந்து ஆவணம் வர வேண்டும். டெர்ரிபிரையனில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்திருந்தன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு டைரக்டிவ் 1985இல் வந்தது. 1988 ஜூலை முதல் அமல். அதன் இரண்டாம் பட்டியலில் உள்ள திட்டங்களுக்கு நாடுகள் அளவு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்து பீட் எடுக்கும் வேலைக்கு 50 ஹெக்டேர் என்று வரம்பு வைத்திருந்தது. அதற்குக் கீழே இருந்தால் மதிப்பீடு வேண்டாம். இடம் எது, மண் எப்படி, பக்கத்தில் வேறு எத்தனை குழிகள் என்ற கேள்வியே கிடையாது. 1999 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இது தவறு என்று தீர்ப்பளித்தது. அளவை மட்டும் பார்த்து, இடத்தின் தன்மையையும் பல சிறு திட்டங்கள் சேரும்போது வரும் விளைவையும் விட்டுவிட முடியாது என்றது. ஆக, டெர்ரிபிரையன் மலை வழுக்குவதற்கு நான்கு வருடம் முன்பே, பீட் நிலத்தில் இடம்தான் முக்கியம் என்று இதே அரசிடம் தீர்ப்பாகவே சொல்லியாகிவிட்டது. மூன்றாவது கட்டத்துக்கு அனுமதி கொடுத்தது அதற்கும் பிறகு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மன்னிக்கக் கடினமான இடம் இதுதான்.

டெர்ரிபிரையன் பற்றிய முதல் தீர்ப்பு 2008 ஜூலை 3. அயர்லாந்தின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது: காற்றாலை என்ற சொல் பட்டியலில் சேர்ந்ததே 1997 திருத்தத்தில், அது அமலுக்கு வந்தது 1999 மார்ச்சில்; முதல் இரண்டு கட்டங்களின் அனுமதி அதற்கு முந்தையது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காற்றாலை பட்டியலில் இல்லாவிட்டாலும், அதை நிறுத்தப் பீட் தோண்ட வேண்டும், சாலை போட வேண்டும். அந்த இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட மண், அவ்வளவு பெரிய வேலை, கீழே ஆறு. 46 காற்றாலைகளோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த இந்த வேலைகள் சூழலைக் கணிசமாகப் பாதிக்கக்கூடியவை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது என்றது. திட்டத்துக்கு என்ன பெயர் வைத்தாலும், நிலத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் பார்ப்போம் என்ற இந்த வழிமுறை பிற நாடுகளில் வாதாடுபவர்களுக்கும் மிகவும் பயன்படும்.

அதே தீர்ப்பில் இன்னொரு பெரிய விஷயமும் அடங்கியிருந்தது. அயர்லாந்தில் அனுமதி வாங்காமல் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பித்து அதை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கும் முறை சகஜமாக இருந்தது. சாதாரண அனுமதிக்குச் சமமான மதிப்பு அதற்கும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டியவருக்கு இது பரவாயில்லை. தாக்க மதிப்பீடு கட்டாயமான பெரிய திட்டத்துக்கும் இதே கதவைத் திறந்துவைத்தால், முன்கூட்டி மதிப்பீடு செய்ய யாருக்கும் காரணமே இருக்காது. விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும், சட்டத்தைச் சுற்றிவர வழி கொடுக்காத வகையில் மட்டுமே பின்னால் அனுமதி தரலாம் என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது.

அயர்லாந்து 2010இல் சட்டத்தைத் திருத்தியது. மாற்று ஒப்புதல் என்ற புதிய முறை வந்தது: நடந்துவிட்ட திட்டத்துக்குப் பின்னோக்கிய மதிப்பீட்டு அறிக்கை தயாரித்து, நேராகத் தேசியத் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், விதிவிலக்கான சூழ்நிலை என்று நிரூபிக்க வேண்டும். காகிதத்தில் சரி. ஆனால் எந்தப் பண்ணையால் இந்த வழக்கு வந்ததோ, அந்தப் பண்ணைக்கே அந்த முறை பயன்படுத்தப்படவில்லை. பண்ணை 2006 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அரசு முதலில், சட்டப்படியான மதிப்பீடு இல்லாத ஓர் அறிக்கை தயாரிப்போம் என்றது. பிறகு மாற்று ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வைப்போம் என்றது. பிறகு அந்த அனுமதிகள் இறுதியாகிவிட்டன, உள்நாட்டுச் சட்டப்படி அவற்றை எதிர்க்கும் கெடு முடிந்துவிட்டது, இனி தொட முடியாது என்றது.

2019 நவம்பர் 12 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பு இந்த ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து வைத்துத் தள்ளியது. உள்நாட்டுக் கெடு முடிந்துவிட்டது என்பதைக் காட்டி ஓர் அரசு ஒன்றியச் சட்டத்தின் கடமையிலிருந்து தப்ப முடியாது. அனுமதி பெற்றவருக்குச் சட்ட நிச்சயம் வேண்டும் என்ற வாதமும் எடுபடவில்லை. மேலும், பண்ணையை நடத்துபவர் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம். அதை விண்ணப்பிக்க வைக்க முடியவில்லை என்று அரசு சொல்வது எப்படி? ஆணையம் நாளொன்றுக்கு 12,264 யூரோ கேட்டிருந்தது. நீதிமன்றம் 15,000 யூரோ விதித்தது. அதோடு ஒரே தொகையாக 50 லட்சம் யூரோ. ஆணையம் கேட்ட தொகை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

அபராதக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு நாட்டுக்கு 15,000, இன்னொன்றுக்கு 5,00,000 என்று வரும்போது குழப்பமாக இருக்கும். ஆணையம் ஓர் அடிப்படைத் தொகையை எடுத்துக்கொள்ளும். மீறலின் கடுமைக்கு 1 முதல் 20 வரை ஓர் எண், நீடித்த காலத்துக்கு 1 முதல் 3 வரை ஓர் எண், நாட்டின் பொருளாதார வலுவுக்கு ஓர் எண், எல்லாவற்றையும் பெருக்கும். ஒரே தொகை, கடந்துபோன காலத்துக்கான தண்டனை. தினசரித் தொகை, இனிமேலாவது செய் என்று நெருக்குவதற்கு. திருத்தம் முடிந்த அன்று அது நின்றுவிடும். பணம் ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்குப் போகும். செத்த மீனுக்கும் கெட்ட ஆற்றுக்கும் அதில் ஒரு காசு வராது.

தீர்ப்புக்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. 2020இல் மாற்று ஒப்புதலுக்கு விண்ணப்பம் போனது. 2022 பிப்ரவரி 4 அன்று வாரியம் அதை நிராகரித்தது. அன்றுவரை கணக்கிட்டாலே 815 நாள். தினசரித் தொகை 1.22 கோடி யூரோ, 50 லட்சம் யூரோ ஒரே தொகையையும் சேர்த்தால் 1.7 கோடி யூரோவைத் தாண்டுகிறது. மார்ச்சில் இஎஸ்பி பண்ணையை மூடப்போவதாக அறிவித்தது. எரிவாயு விலை ஏறி ஐரோப்பா முழுக்க மின்சாரத்துக்கு அல்லாடிய அந்த வருடத்தில், சுழலக்கூடிய 70 காற்றாலைகள் நின்றுபோயின. காற்றாலைக்கு எதிரான சட்டம் இது என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் இடம் மாறி விழுந்தது. மதிப்பீட்டை 1998இல் செய்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: இடத்தை மாற்றியிருப்பார்கள், அல்லது வடிவமைப்பை மாற்றியிருப்பார்கள். இரண்டிலும் மின்சாரம் வந்திருக்கும். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் காகிதத்தில் செய்து ஈடுகட்ட முடியாது. இந்தச் சட்டத்தின் மையமே அந்த 'முன்னால்' என்பதுதான்.

மாற்று ஒப்புதல் முறையும் அப்படியே நிலைக்கவில்லை. 2020 ஜூலையில் ஒரு கற்குவாரி வழக்கில் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றமே அந்த முறையின் சில பகுதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்றது. விதிவிலக்கு என்ற கதவு அகலமாக இருக்கிறது, முதல் கட்டத்தில் மக்கள் கருத்துச் சொல்ல வழியில்லை என்பவை காரணங்கள். ஓட்டையை அடைக்கச் செய்த சட்டத்திலேயே ஓட்டை.

அயர்லாந்து எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. கிராமப்புற வீடுகளின் செப்டிக் டேங்க் வழக்கு வேறு மாதிரிப் போனது. டேங்குகளைச் சோதிக்கவும் கட்டுப்படுத்தவும் சட்டம் இல்லை என்று 2009 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு கேவன் கவுண்டியை மட்டும் விலக்கியது, ஏனென்றால் அந்த ஒரு கவுண்டி 2004இலேயே சொந்தமாகத் துணைவிதி போட்டிருந்தது. உள்ளூர் நிர்வாகம் ஒன்று நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2012 தொடக்கத்தில் அரசு சட்டம் செய்தது, வீட்டுக்காரர்கள் டேங்கைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று, கிராமங்களில் எதிர்ப்பும் இருந்தது. அதே வருடம் டிசம்பரில் நீதிமன்றம் 20 லட்சம் யூரோவும், மீறல் தொடர்ந்தால் தினம் 12,000 யூரோவும் விதித்தது. ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் வேலை நடந்திருந்தது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மருந்து ஒரு சட்டம். பாராளுமன்றம் நினைத்தால் சில மாதத்தில் முடியும். டெர்ரிபிரையனில் மருந்து, ஏற்கெனவே ஓடி வருமானம் தரும் ஒரு சொத்தின் மேல் கைவைப்பது. அரசுகள் தள்ளிப்போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

மற்ற நாடுகள் பக்கமும் ஒரு பார்வை. சுற்றுச்சூழலுக்காக மட்டுமல்ல, எந்த விஷயத்துக்காகவும் ஓர் உறுப்பு நாட்டுக்கு விதிக்கப்பட்ட முதல் அபராதமே ஒரு குப்பைக்கிடங்குக்காகத்தான்: கிரீட் தீவின் கூரூபிட்டோஸ் பள்ளத்தாக்கு, 2000 ஜூலை, தினம் 20,000 யூரோ. இத்தாலியின் சட்டவிரோதக் குப்பைக்கிடங்குகள் வழக்கில் 2014 டிசம்பரில் நீதிமன்றம் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே தொகையாக 4 கோடி யூரோ. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4.28 கோடி யூரோ. ஆனால் அபாயக் கழிவு உள்ள கிடங்கு ஒன்றைச் சரிசெய்தால் 4 லட்சம், மற்ற கிடங்கு ஒன்றுக்கு 2 லட்சம் கழியும். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு விலை இருந்ததால், எதை முதலில் சுத்தம் செய்வது என்ற திட்டம் தானாக உருவானது. 2017இல் காராபினியேரி காவல் படை அதிகாரி ஒருவரையே சிறப்பு ஆணையராகப் போட்டு இத்தாலி பட்டியலைக் குறைக்கத் தொடங்கியது. மொத்தமாக ஒரு தினசரித் தொகை விதித்திருந்தால் கடைசிக் கிடங்கு முடியும்வரை ஒரு பைசாவும் குறைந்திருக்காது, அவசரமும் இருந்திருக்காது.

போலந்தில் நடந்தது இடைக்கால உத்தரவின் வலிமையைக் காட்டியது. பியாவோவியெஷா பழங்காட்டில் 2016 மார்ச்சில், பட்டை வண்டைக் காரணம் காட்டி, ஒரு வனக்கோட்டத்தில் மட்டும் வெட்டக்கூடிய மரத்தின் அளவை சுமார் 63,000 கன மீட்டரிலிருந்து 1,88,000க்கு உயர்த்தினார்கள். இறுதித் தீர்ப்புக்குக் காத்திருந்தால் அதற்குள் மரங்கள் இருக்காது. 2017 ஜூலையில் நீதிமன்றம் வெட்டை நிறுத்தச் சொன்னது, நிற்கவில்லை. நவம்பரில், மீறினால் குறைந்தது தினம் 1,00,000 யூரோ என்றது. வெட்டு நின்றது. 2021இல் டூரூவ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நிலைமை வேறு. தாக்க மதிப்பீடு செய்யாமலே உரிமத்தை 6 வருடம் நீட்டியதாகப் பக்கத்து நாடான செக் குடியரசு வழக்குப் போட்டது. நிறுத்தும் உத்தரவை மதிக்காததால் தினம் 5,00,000 யூரோ. கட்ட மாட்டோம் என்றது போலந்து. ஆணையம் போலந்துக்குப் போக வேண்டிய ஒன்றிய நிதியிலிருந்தே கழித்துக்கொண்டது. ஆகவே 'கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இனி நடைமுறை. ஆணையத்தின் வழி இப்படிப் போகும்: முதலில் முறையான அறிவிப்புக் கடிதம், பதில் சொல்லப் பொதுவாக இரண்டு மாதம். திருப்தி இல்லாவிட்டால் காரணம் காட்டிய கருத்துரை, மீண்டும் பொதுவாக இரண்டு மாதம். பிறகு நீதிமன்றம். இங்கே நுணுக்கம் ஒன்று: மீறல் இருந்ததா இல்லையா என்பதை, அந்தக் கருத்துரையில் கொடுத்த கெடு முடிந்த நாளின் நிலவரத்தை வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதற்குப் பிறகு அரசு அவசரமாகச் சட்டம் போட்டாலும் முதல் தீர்ப்பிலிருந்து தப்பாது. தீர்ப்புக்குப் பிறகும் திருத்தாவிட்டால் இன்னொரு கடிதம், அதன்பின் அபராதத்துக்காக இரண்டாம் வழக்கு. டைரக்டிவுக்குச் சட்டமே செய்து தெரிவிக்காத வழக்கில் மட்டும் முதல் வழக்கிலேயே அபராதம் கேட்கலாம். பணம் இல்லை, மாநில அரசு கேட்கவில்லை, அரசியல் சட்டம் இடம் தரவில்லை, ஆட்சி மாறிவிட்டது, பக்கத்து நாடும் மீறுகிறது: இவற்றில் எதுவும் லக்சம்பர்க்கில் செல்லாது.

புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒன்றியத்தின் எந்த ஆட்சிமொழியிலும் எழுதலாம், உங்களுக்கு நேரடிப் பாதிப்பு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆணையத்தின் இணையப் படிவத்தில் எழுத வேண்டியது: எந்த டைரக்டிவின் எந்தப் பிரிவு, எந்த அதிகாரியின் எந்தத் தேதியிட்ட முடிவு, அதனால் நிலத்தில் என்ன, உள்நாட்டில் இதுவரை என்ன செய்தீர்கள். 15 வேலை நாளில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும். சுமார் ஒரு வருடத்தில் வழக்காக எடுப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய முயல்வார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று ஆணையத்தைக் கட்டாயப்படுத்த உங்களால் முடியாது. அந்த விருப்புரிமை அவர்களுடையது. கையாண்ட விதம் சரியில்லை என்றால் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மனிடம் (நிர்வாகக் குறைகளை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம்.

புகார்கள் ஏன் தோற்கின்றன? பெரும்பாலும் ஒரே காரணம்தான்: 'எங்கள் ஊரில் இந்தத் திட்டம் தவறு' என்று மட்டும் எழுதுகிறார்கள். 2017 முதல் ஆணையம் நாடு தழுவிய, திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. தனி வழக்குகளை உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். அதனால் உங்கள் ஊர்த் திட்டத்தை ஒரு மாதிரியாகக் காட்டுங்கள். இதே விதி, இதே குறை, இன்னும் நான்கு இடங்களில் இப்படி என்று அனுமதி ஆணைகளோடு சேர்த்து வையுங்கள். டெர்ரிபிரையனும் தனி ஒரு மலையின் வழக்காக மட்டும் போகவில்லை. கட்டிய பின் அனுமதி என்ற நாடு தழுவிய பழக்கத்தோடு ஒரே வழக்கில் போனது.

ஆவணம் கிடைக்க ஒரு தனி வழி உண்டு. 2003ஆம் வருடச் சுற்றுச்சூழல் தகவல் டைரக்டிவின்படி எந்த அரசு அமைப்பும் ஒரு மாதத்தில் தகவல் தர வேண்டும்; பெரிய, சிக்கலான கோரிக்கை என்றால் இரண்டு மாதம். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க முடியாது. வெளியேற்றும் மாசு பற்றிய தகவலை வியாபார ரகசியம் என்று சொல்லி மறுக்க முடியாது. முதலில் கேட்க வேண்டியது, மதிப்பீடு தேவையா இல்லையா என்று முடிவு செய்த ஆரம்பப் பரிசீலனைக் குறிப்பு. அந்தக் குறிப்பு இல்லை என்றோ, இரண்டு வரியில் 'பாதிப்பு இல்லை' என்றோ வந்தால், உங்கள் வழக்கில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஆணையத்தால் உங்கள் நாட்டு அனுமதியை ரத்து செய்ய முடியாது. உங்களுக்கு நஷ்டஈடும் வாங்கித் தர முடியாது. வேலையை நிறுத்த வேண்டுமானால் உள்நாட்டு நீதிமன்றம்தான். அங்கே நீதிபதி, ஒன்றியச் சட்டத்துக்கு முரணான உள்நாட்டு விதியை ஒதுக்கிவைக்கக் கடமைப்பட்டவர். சந்தேகம் இருந்தால் லக்சம்பர்க்கிடம் கேள்வி அனுப்பலாம். மியூனிக்கில் நெரிசல் மிகுந்த சாலையோரம் குடியிருந்த ஒருவர், காற்றில் தூசி அளவு வரம்பு மீறியதற்காக அதிகாரிகள் செயல்திட்டம் போட வேண்டும் என்று கேட்டு 2008இல் வென்றது இந்த வழியில்தான். ஆணையத்துக்குப் புகார் அனுப்பிவிட்டோம், பதில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த வழியை இழந்துவிடுகிறார்கள். உள்நாட்டுக் கெடு அதற்காக நிற்காது. அயர்லாந்தில் ஒரு திட்டமிடல் அனுமதியை நீதிமன்றத்தில் எதிர்க்கப் பொதுவாக 8 வாரம்தான். அனுமதி வந்த வாரமே தகவல் கோரிக்கையை அனுப்பினால்கூட, பதில் வரும்போது அந்த எட்டில் பாதி போயிருக்கும். எனவே திட்டம் விண்ணப்ப நிலையில் இருக்கும்போதே ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்து, பரிசீலனைக் குறிப்பையும் அப்போதே கேட்டு வாங்கி வைத்திருங்கள்.